அனுப்பாத வரிகள்

பதினான்கு நாள் இலவசம் என்றது முதலாவது.
கடனட்டை எண் மட்டும் கேட்டது.
பிறகு மாதம் பத்தொன்பது டொலர்.
ரூபாவில் எவ்வளவென்று
வினோஜன் தட்டிப் பார்த்துச் சொன்னதும்
நான் எழும்பிப் போய்
விசிறியை நிறுத்தினேன்.

வெள்ளவத்தையில், காலி வீதிக்குக் கடல் பக்கம்,
எட்டடி அகலக் கடை எனது.
குக்கருக்கு றப்பர் வளையம், விசில்,
மிக்சிக்கு பிளேட், கிரைண்டருக்கு பெல்ட்.
முழுசாக எதுவும் விற்பதில்லை.
பழுதானதைத் தூக்கி எறியாதவர்களால்
பதினோரு வருஷம் ஓடியிருக்கிறது.
இப்போது கடைக்கு வெப்சைட்டும் உண்டு.
அதன் வலது மூலையில்
பேசுவதற்கு ஒரு சின்ன வாய் வேண்டுமாம்.

இரண்டாவதில் ரோபோ இருந்தது.
'ஐந்து லீற்றர் குக்கருக்கு வளையம் இருக்கா?'
என்று சோதித்தேன்.
'தங்கள் மோதிரத் தேவைக்கு நன்றி, அன்பரே' என்றது.
சமிந்தி சிங்களத்தில் கேட்டாள்.
அவளுக்கும் மோதிரந்தான்.
நாங்கள் சிரித்த சிரிப்பில்
வாசலில் நின்ற ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்தார்.

மூன்றாவது வடிவானது.
என் பெயர்ப்பலகையின் பச்சையையே போட்டுக்கொண்டது.
யார் யார் உள்ளே நிற்கிறார்கள் என்று
வரைபடத்தில் புள்ளி வைத்தது:
தெஹிவளையில் ஒன்று, வவுனியாவில் ஒன்று,
ஒஸ்லோவில் ஒன்று, அது
நாற்பது நிமிடமாய் ஒரே விசிலைப் பார்த்தபடி.
இன்னொன்றும் செய்தது.
ஆட்கள் எழுத எழுத,
அனுப்ப முன்னமே,
எழுதுவதை எனக்குக் காட்டியது.
'நேரம் மிச்சம், அக்கா' என்றான் வினோஜன்.
'கேள்வி வந்து சேரேக்குள்ள
பதில் ரெடி.'

மூன்றாம் நாள் மழை. மதியம் கடையில் ஒருவரும் இல்லை.
மட்டக்குளியில் ஒரு புள்ளி திறந்தது.
பெயர் மஸ்னவியா.
மூன்று லீற்றர், பழைய மாடல், இருக்கா?
இருக்கு. அறுநூற்றைம்பது ரூபா.
அனுப்பும் செலவு நானூறு.

பிறகு, சாம்பல் எழுத்தில்,
எனக்கென்று இல்லாத வரிகள் வந்தன.

'கொஞ்சம் குறைக்க ஏலுமா'
அழிந்தது.
'அனுப்புற செலவு இல்லாம'
அழிந்தது.
'இந்த மாசம் அவருக்கு வேலை இல்ல, பருப்பு அவிய'
பாதியிலேயே அழிந்தது.
ஒரு நிமிடம் வெறும் வெள்ளை.
வந்து சேர்ந்தது இதுதான்:
'சரி, பார்த்துச் சொல்றேன். நன்றி.'

நேரே வந்து நின்றிருந்தால்
எனக்குத் தெரியாதா?
பர்ஸ் மூடும் சத்தத்தில் தெரியும்.
கண்ணாடி மேசையில் விரல் நிற்கிற இடத்தில் தெரியும்.
ஆனால் நான் பார்ப்பதை
அவளும் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அவசரப்பட்டேன்.
'அனுப்பும் செலவு வேண்டாம்' என்று எழுதினேன்,
'காசு உங்களுக்கு ஏலுமான மாசம் தாங்கோ.'

மூன்று புள்ளி அசைந்தது. நின்றது. அசைந்தது.
'நான் அத அனுப்பவே இல்லையே.'

அதற்குப் பிறகு வரைபடத்தில்
மட்டக்குளி இருந்தது,
புள்ளி இல்லை.

சமிந்தி ஒன்றும் கேட்காமல்
மூன்று லீற்றர் வளையத்தைப் பெட்டியில் தேடி எடுத்து
தபாலுறை ஒன்றில் போட்டாள்.
விலாசம்? என்றாள்.
விலாசம் எங்கே.

நாலாவதைத்தான் எடுத்தோம்.
வரைபடம் இல்லை, ரோபோ இல்லை.
அடியில் தன் கம்பனிப் பெயரை ஒட்டிக்கொள்ளும்,
அதனால் இலவசம்.
அனுப்பினால் மட்டும் 'டிங்' என்னும்,
அதுவரை ஒன்றும் அறியாது.
வினோஜனுக்கு முகம் சரியில்லை.
'பழைய ஐட்டம், அக்கா, ஒருத்தரும் இப்ப இதைப் போடுறதில்லை.'

கடை பூட்டியிருக்கும்போது என்ன சொல்ல வேண்டும் என்று
கடைசியில் ஒரு பெட்டி கேட்டது.
மூன்று மொழியிலும் எழுதினேன்.
இப்போது இங்கே ஒருவரும் இல்லை.
காலை ஒன்பதரைக்கு வருவோம்.
நீங்கள் அழித்ததை நாங்கள் பார்ப்பதில்லை.

கடைசி வரி எதற்கு என்றாள் சமிந்தி.
நான் சொல்லவில்லை.
சிங்களத்தில் ஒரு கொம்பு பிழையென்று
திருத்தித் தந்துவிட்டு
ஷட்டரை இழுக்கப் போனாள்.